சுக்கு வாரியத்தில் நான்கு பதினைந்துகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் உண்டு. நூற்றுப் பதினெட்டுப் பேர் அதில் வேலை பார்க்கிறார்கள். சுக்கு மட்டும் கிடையாது. யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால் எதிரே உள்ள கிடங்கில் போய் ஒரு துண்டு கேட்டு வாங்கி வர வேண்டும். இஞ்சி காய்ந்து சுக்காகப் பத்து நாள் வெயில் போதும். வாரியத்தில் ஒரு காகிதம் காய்ந்து உத்தரவாவதற்கு நல்ல வெயில் காலத்திலேயே மூன்று மாதம் பிடிக்கும்.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், சர்வர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சங்கர்ராம் உட்கார்ந்திருந்தான். கதவுக்கு உள்ளே ஏஸி உண்டு. அது இயந்திரங்களுக்கு. பதிமூன்று வருஷமாக அவன் வாரியத்தின் தற்காலிக நெட்வொர்க் உதவியாளன். அதற்குள் அவனுடைய நாற்காலியின் ஒரு கால் ஒடிந்து, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய ஆண்டறிக்கையும் நைந்துவிட்டது. 'தற்காலிக' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை.

சங்கர்ராமுக்கு ஸ்ரீநாத்தின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கேட்டால் அவனே ஒத்துக்கொள்வான். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீநாத் அவனுக்கு நாலு வருஷம் கழித்து வந்தவன். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தானாம். அவனும் தற்காலிகம்தான், ஆனால் அவனைத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்றார்கள். இரண்டாவது மாடியில் அறை. சக்கரம் வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே ஜன்னலுக்கும் மேஜைக்கும் உருண்டு போவான். அந்தச் சக்கரத்தின் சத்தம் கீழே மாடிப்படி வரைக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் சங்கர்ராமுக்கு வயிற்றில் யாரோ கப்பைக் கிழங்கு சுடுவது போல இருக்கும். கம்பியின் முனையில் பிளக் அடிக்கத் தெரியாதவன், கேபிளை எந்தப் பக்கம் சொருகுவது என்று கேட்டு போன் பண்ணுகிறவன். போனில் அவன் "அண்ணா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். அந்த மரியாதைதான் சங்கர்ராமுக்குச் சகிக்கவில்லை.

போன சித்திரையில் வாரியத்துக்கு ஒரு நிரந்தர வேலை அனுமதியாயிற்று. வலையமைப்பு மேற்பார்வையாளர். இடம் ஒன்று, ஆட்கள் இரண்டு. விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது: தகுதியில் இருவரும் சமம் என்றால் முன்னால் சேர்ந்தவருக்கு வேலை. சங்கர்ராமின் மனைவி ஸுப்ரியா இதைக் கேட்டு, "அப்போ உங்களுக்குத்தானே? பின்னே எதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருக்கேள்?" என்றாள்.

"சமம்னு சொன்னா என்ன அர்த்தம்? அவனும் நானும் ஒண்ணா?" என்றான் சங்கர்ராம்.

"வேலை கெடைச்சாப் போறாதா?"

"அதெப்படிப் போறும்?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். இந்த வீட்டில் ஸ்ரீநாத்தின் பெயரை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் டில்லியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்து ஒரு கேள்வி கேட்டார்கள். வாரியத்தில் நிர்வாகம், கணக்கு, தரம், கேன்டீன் என்று நாலு இடத்தில் நாலு சுவிட்ச் எதற்கு? சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. கம்ப்யூட்டர்களின் கம்பிகளெல்லாம் வந்து சேருகிற, முகம் முழுக்கப் பொத்தல் வைத்த தகரப் பெட்டி. நாலும் ஒரே கம்பெனிச் சரக்குதான். ஆனால் ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று தனியாக வாங்கித் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. இந்த நாலையும் ஒரே இரும்புச் சட்டத்தில் அடுக்கி, பின்பக்கம் தடிக் கேபிளால் கோத்துவிட்டால், நாலும் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரி வேலை செய்யும். அப்படிச் செய்யுங்கள் என்று எழுதி வைத்துவிட்டு அவர்கள் கும்பளங்கிக்குப் படகில் போய் மீன் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள்.

செயலாளர் ராமபத்ரன் கூட்டம் போட்டார். நிர்வாகப் பிரிவும் அவர் கையில்தான். கணக்கு அதிகாரி காமாக்ஷி வந்தாள். தரப் பிரிவுத் தலைவர் சுதீர் வந்தார். ஸ்ரீநாத் மேஜைக்கு அருகில் உட்கார்ந்தான். சங்கர்ராம் சுவரோரம் நின்றான். கேன்டீன் நடத்துகிற சேவியர் சாயா கொண்டுவந்தான். நாலாவது பெட்டியின் சொந்தக்காரன் என்ற முறையில் அவனையும் கூப்பிட்டிருக்க வேண்டும், ஆனால் எப்படியும் சாயாவோடு வருவான் என்பதால் யாரும் கூப்பிடவில்லை. சுதீரும் சேவியரும் பேசுவது மலையாளம். சங்கர்ராமின் காதில் அது தமிழாகவே விழும், மூன்று தலைமுறைப் பழக்கம்.

சங்கர்ராம் விளக்கிச் சொன்னான். நன்றாகவே சொன்னான். கடைசியில் ஒரே ஒரு தப்புப் பண்ணினான். "நாலு பெட்டியிலே ஒண்ணு தலைவனாக்கும். அது சொல்றதைத்தான் மத்த மூணும் கேக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

சாயாக் கோப்பைகள் மேஜையில் இறங்கின.

"எங்க பெட்டி வேறொரு பெட்டி சொல்றதைக் கேக்கணுமா?" என்றாள் காமாக்ஷி. "இந்த வாரியத்திலே எங்க கையெழுத்து இல்லாமல் ஒரு பேனா ரீஃபில் நகர்ந்திருக்கோ? ரெக்கார்ட் ரூமுக்குத் தீயணைக்கிற குப்பி வேணும்னு ஃபைல் வந்தது. மூணு கொட்டேஷன் இல்லைன்னு ஏழு மாசம் பிடிச்சு வெச்சோம். ரெக்கார்ட் ரூம் எரிஞ்சே போச்சு. ஆனா ஒரு விதி மீறினோம்னு யாரும் விரலை நீட்ட முடியாது. அப்படிப்பட்ட செக்ஷனாக்கும் எங்களோடது."

சுதீர் தொண்டையைச் செருமினார். "வாரியத்தோட உயிரே தரப் பிரிவுதான். சுக்கை மோந்து பார்த்துத் தரம் சொல்றது நாங்கள். பன்னிரண்டு வருஷமா எனக்கு மூக்கடைப்பு, ஒரு மணமும் தெரியாது. அதனால ஒரு சர்டிஃபிகேட் நின்னுருக்கா? ஒரு நாள்கூட நிக்கலை. அந்த அர்ப்பணிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

ராமபத்ரன் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். பாலக்காட்டுக்காரர், புன்னகைத்த பிறகுதான் பேசுவார். "கோவிச்சுக்கப்படாது. நிர்வாகம்னா என்ன? ஒண்ணும் நடக்காமல் பாத்துக்கறதாக்கும். ஒண்ணும் நடக்கலைன்னா தப்பும் நடக்காது. இருபத்தாறு வருஷமா நான் இந்த வாரியத்திலே ஒண்ணும் நடக்க விட்டதில்லை. தலைமைங்கிறது அதுதான். அதனாலே நிர்வாகத்தோட பெட்டிதான் தலைவனாகணும்னு நான் சொல்லலை, நீங்களே சொல்லுவேள்னு நெனைக்கறேன்."

யாரும் சொல்லவில்லை.

"என் பெட்டியை எங்க வேணும்னாலும் வெச்சுக்கோ சாரே. கூப்பன் மாத்திரம் வந்தாப் போதும்" என்றான் சேவியர். அவன் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனான்.

தலைவன் யார் என்பதை எப்படி முடிவு செய்வது என்று ராமபத்ரன் கேட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றிலிருந்து பதினைந்துக்குள் ஒரு எண் கொடுக்கலாம், பெரிய எண் உள்ளது தலைவனாகும் என்றான் சங்கர்ராம்.

"பதினைந்து" என்றாள் காமாக்ஷி.

"பதினைந்து" என்றார் சுதீர்.

ராமபத்ரன் புன்னகைத்துவிட்டு, "பதினைந்து" என்றார்.

"பதினாறு கிடையாதா?" என்று காமாக்ஷி கேட்டாள். "டில்லிக்கு எழுதினா சாங்ஷன் பண்ண மாட்டாளா?"

மெஷினில் பதினைந்தோடு சரி என்றான் சங்கர்ராம். அந்தக் கம்பெனியின் அலட்சியத்தைக் கண்டித்து ஒரு வரி குறிப்பில் சேர்க்கப்பட்டது. ஒரு மணி நேரம் ஓடிற்று. அப்போது ஸ்ரீநாத் தன் நாற்காலியில் ஒரு அரை வட்டம் உருண்டு வந்து, "சார், எல்லா சுவிட்சுக்கும் பதினைந்தே கொடுத்துட்டா என்ன? சமத்துவம்" என்றான். கூட்டத்துக்குக்கூட அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான் என்பதைச் சங்கர்ராம் அப்போதுதான் கவனித்தான்.

அறையே நிம்மதியாக மூச்சு விட்டது. சுதீர் கையைத் தட்டினார். "படிச்ச பையன்!" என்றாள் காமாக்ஷி. சங்கர்ராமுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பதிமூன்று வருஷத்தில் இந்த அறையில் அவனுக்காக ஒருவரும் ஒரு கைகூடத் தட்டியதில்லை. ஒரு கையால் தட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

"அப்படிச் சமமாக் கொடுத்தா மெஷின் நம்மைக் கேக்காது" என்று அவன் முன்னால் வந்தான். "பொறக்கும்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பெனி ஒரு நம்பர் போட்டிருக்கு. அதிலே எது சின்னதோ அது தலைவனாயிடும். சின்ன நம்பர்னா பெரும்பாலும் பழைய பெட்டி. தலைவனோட அமைப்பைத்தான் மத்ததெல்லாம் எடுத்துக்கும். அதாவது..."

"அதாவது சீனியாரிட்டி!" என்றார் ராமபத்ரன், முகம் மலர்ந்து. "தகுதி சமமானா முன்னாலே வந்தவன். நம்ம விதிதானே அது? மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கோ!"

மூவருக்கும் பரம சந்தோஷம். அவரவர் பெட்டிதான் ஆகப் பழசு என்று அவரவருக்கு நிச்சயம். ஆகப் பழைய பெட்டி கேன்டீனுடையது என்று சொல்லச் சங்கர்ராம் வாயைத் திறந்தான். "அதை ஒரு நோட்டா எழுதிக் கொடு கேட்டியா" என்று ராமபத்ரன் எழுந்துவிட்டார்.

எழுதிக் கொடுத்தான். கேன்டீன் பெட்டியை முதன்முதலாக அமைத்தவன் அவன்தான், வேலைக்குச் சேர்ந்த மாதத்தில். கேன்டீனுக்குச் சாப்பிட வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று சேவியர் அழுததால், அந்தப் பெட்டியில் சொருகிய எந்தக் கம்ப்யூட்டரும் சாப்பாட்டுக் கூப்பன் பக்கத்தைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி பூட்டியிருந்தான். அது தலைவனானால் வாரியமே கேன்டீனாகிவிடும் என்று கொட்டை எழுத்தில் எழுதினான். நோட் நிர்வாகத்துக்குப் போயிற்று. 'பார்த்தேன்' என்று எழுதினார்கள். கணக்குக்குப் போயிற்று, 'பார்த்தேன்.' தரத்துக்குப் போயிற்று, 'பார்த்தேன்.' அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

உத்தரவு மட்டும் குறித்த காலத்துக்கு முன்பே வந்தது. ஸ்ரீநாத் எழுதிய வாசகம்: 'அனைத்து சுவிட்சுகளுக்கும் பதினைந்து.' கேன்டீனில் இருப்பதும் ஒரு சுவிட்ச்தான் என்பது அந்த வாசகத்தைத் திருத்திய ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடவே இன்னும் இரண்டு உத்தரவுகள். இரும்புச் சட்டத்தின் மேல் தட்டில் எந்தப் பெட்டி என்ற தகராறைத் தீர்க்க, திங்கட்கிழமைதோறும் பெட்டிகளை அணைத்து, சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண் போடுவது ஒருவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளுவதாகையால், நாலு பெட்டிக்கும் ஒன்று என்றே சீட்டு ஒட்ட வேண்டும். சங்கர்ராம் ஒட்டினான்.

அவனுக்குப் பயமில்லை. ஒரு சின்ன வித்தை அவனுக்குத் தெரியும். நாலு பெட்டிக்கும் ஒரே சமயத்தில் கரண்ட் போட்டால்தான் இந்த எண் பார்க்கிற கதையெல்லாம். ஒரு பெட்டியை மட்டும் இரண்டு நிமிஷம் முன்னால் போட்டுவிட்டால் அது தலைவனாக உட்கார்ந்துவிடும். பிறகு விழிக்கிறவர்கள் எத்தனை பழையவர்களானாலும், எந்த எண் வைத்திருந்தாலும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனைக் கிளப்ப மாட்டார்கள். தரப் பிரிவின் பெட்டிதான் இருப்பதில் புதியது. மூன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்த அமைப்பை அதில் ஏற்றி வைத்தான். தொடக்க விழா நாளன்று பத்து இருபத்தெட்டுக்கு அதை ஓசைப்படாமல் போட்டுவிடுவது, பத்தரைக்குப் பெரிய மனிதர்கள் முன்பக்கப் பொத்தான்களை அழுத்திக்கொள்ளட்டும், ஏற்கெனவே விழித்த பெட்டியை அது ஒன்றும் செய்யாது. எல்லாம் ஒழுங்காக ஓடும். 'யார் செய்தது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவன் பதில்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தான்.

விழா அன்று சர்வர் அறை வாசலில் வாழைக்குலை கட்டினார்கள். காற்றுப் போகிற பொத்தல்களில் சந்தனம் அப்பினார்கள். டில்லியிலிருந்து ஒரு துணைச் செயலர் வந்திருந்தார். நாலு பெட்டிக்கும் நாலு பொத்தான், நாலு கை, ஒரே நொடி என்று ஏற்பாடு. துணைச் செயலர், ராமபத்ரன், காமாக்ஷி, சுதீர்.

மணி பத்து இருபத்தேழு. சங்கர்ராம் பெட்டிகளின் பின்னால் குனிந்து, தரப் பிரிவின் பின்பக்கப் பொத்தானில் விரலை வைத்தான்.

"இந்த மாபெரும் ஒருங்கிணைப்பின் சிற்பி" என்று ராமபத்ரன் மைக்கில் சொல்வது கேட்டது. "இரவு பகல் பாராமல் இதை நிர்மாணம் பண்ணின நம்ம ஸ்ரீநாத்!"

பொன்னாடை போர்த்தினார்கள். ஸ்ரீநாத் கை கூப்பினான். அது போதாதென்று மைக்கை வாங்கி, "சங்கர் அண்ணாவும் ஒத்தாசை பண்ணினார். கேபிளெல்லாம் அவர்தான் பிடிச்சுண்டார்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

சங்கர்ராமின் விரல் பொத்தானிலேயே இருந்தது. பத்து இருபத்தெட்டு ஆயிற்று. கேபிள் பிடித்துக்கொண்டவன் கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கட்டுமே, சிற்பி வந்து செதுக்கட்டும் என்று ஒரு எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அது எழுந்திருக்கவே இல்லை. அவனுக்கு வேலை வேண்டும், நிஜம்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அதைவிட அதிகமாக, ஸ்ரீநாத்தின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பத்து இருபத்தொன்பதுக்கு விரலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பத்தரைக்கு நாலு கை நாலு பொத்தானை அழுத்தின. பச்சை விளக்குகள் ஓடின. எல்லாரும் கை தட்டினார்கள். வயநாட்டு இஞ்சி விவசாயி ஒருவரோடு துணைச் செயலர் திரையில் முகம் பார்த்துப் பேசுவதாக நிகழ்ச்சி. பெரிய திரை விழித்தது. 'இன்று: கப்பை, மீன் கறி. கூப்பன் வேண்டுவோர் ஊழியர் எண்ணைப் பதிக்கவும்' என்றது.

துணைச் செயலர் அனுபவசாலி. புரியாத எதையும் புரிந்ததுபோல் பார்த்துப் பழகியவர். தன் ஊழியர் எண்ணைப் பதித்தார். கீழே கேன்டீனில் சேவியரின் மெஷின் சளசளவென்று ஒரு சீட்டைத் துப்பியது. ஐந்து நிமிஷத்தில் தட்டு மேடைக்கே வந்துவிட்டது.

"கடைசி மனிதனின் பசி வரைக்கும் போய்த் தொடுகிற தொழில்நுட்பம்!" என்று முழங்கினார் ராமபத்ரன். இருபத்தாறு வருஷ அனுபவம் வீண் போகவில்லை. துணைச் செயலர் மீன் நன்றாக இருந்தது என்று வருகையேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

சங்கர்ராம் ஸ்ரீநாத்தின் முகத்தைப் பார்த்தான். அது சுருங்கவில்லை. என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சுருங்குவதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு விசாரணை அறிவித்து, விசாரணை முடியும்வரை பெட்டிகளை ஒருவரும் தொடக் கூடாது என்று சர்வர் அறைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். விசாரணைக்கு முன்னால் பதினோரு நாள் சுக்கு வாரியம் கேன்டீன் வழியாக நடந்தது. கட்டடத்தில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் கூப்பன்தான். முதல் இரண்டு நாள் ஊழியர்கள் தவித்தார்கள். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார்கள். கூப்பனில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, 'சட்னி வேண்டாம்' என்பது போல. அதில் விடுப்பு விண்ணப்பம் எழுதினார்கள். சேவியரின் மெஷின் அதை ஒரு சாயாவோடு சேர்த்து அச்சடித்துத் தந்தது. ராமபத்ரன் சாயாவைக் குடித்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அனுமதிக்கு மூன்று மாதம் பிடிக்கிற இடத்தில் விடுப்பு மூன்று நிமிஷத்தில் கிடைப்பது விதிக்கு உட்பட்டதா என்று காமாக்ஷி மட்டும் ஒரு ஆட்சேபம் எழுப்பினாள். அதையும் கூப்பனில்தான் எழுப்பினாள், நேந்திரம் பழத்தில் சுட்ட ஒரு பழம்பொரியோடு.

ஏற்றுமதிச் சான்றிதழும் அப்படியே வந்தது: 'சுக்கு, முதல் தரம், ஒரு பிளேட்.' சுதீர் அதை வழக்கம் போல மோந்து பார்த்து முத்திரை குத்தினார். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் முத்திரையை மட்டும்தான் பார்ப்பார்கள், கப்பல் போய்விட்டது. சேவியர் வராந்தாவில் நடந்தால் அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவனுக்கு வாரியத்தின் கார் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. ராமபத்ரன் தன் அறையில் சங்கர்ராமையும் ஸ்ரீநாத்தையும் மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இங்கே பாருங்கோ ரெண்டு பேரும்" என்றார். "கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்துட்டா தப்பு மெஷின் மேலே. மெஷினுக்கு பென்ஷன் கிடையாது, அதனாலே அதுக்கு நஷ்டமுமில்லை. உங்க ரெண்டு பேர் பேரிலும் கறையில்லை. தகுதி சமம். சமமானா விதி என்ன சொல்றது?" சங்கர்ராமைப் பார்த்துப் புன்னகைத்தார். "முன்னாலே சேர்ந்தவனுக்கு. மனசிலாச்சா?"

சங்கர்ராமுக்கு மனசிலாயிற்று. "நான் ஒரு நோட் கொடுத்திருந்தேனே, சார்?"

"எந்த நோட்? யாரும் பார்க்கலையே."

நோட்டும் இல்லை. ஒரு வார்த்தை எழுதினால் வேலை. மடியில் வந்து விழுந்த மாதிரி. வீட்டுக்குப் போய் ஸுப்ரியாவிடம் சொல்கிற காட்சிகூட அவன் கண்ணில் ஓடியது.

ஸ்ரீநாத் ஏற்கெனவே எழுதிவிட்டான். காகிதம் சங்கர்ராமின் பக்கம் திரும்பியிருந்தது. 'எனக்கு எதுவும் தெரியாது.' அழகான கையெழுத்து. கையெழுத்துகூட அவனுக்கு அழகாக இருந்து தொலைத்தது.

"எழுதுங்கோ அண்ணா" என்றான் ஸ்ரீநாத் மெதுவாக. "தெரியாதுன்னு எழுதினா உங்களுக்குத்தான் வரும். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நீங்கதானே சீனியர்?"

அவ்வளவுதான். அவன் சும்மா இருந்திருந்தால் சங்கர்ராம் எழுதியிருப்பான். இவன் எனக்கு விட்டுக் கொடுக்கிறானா? பிளக் அடிக்கத் தெரியாதவன் தரும் பிச்சையா எனக்கு வேலை? நாளைக்கு இந்த ஃபைலைத் திறக்கிறவன் எவனும், ஸ்ரீநாத்துக்கும் தெரியாது, சங்கர்ராமுக்கும் தெரியாது, இரண்டும் ஒன்று என்றல்லவா படிப்பான்? பதிமூன்று வருஷம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கற்றதெல்லாம் இந்தச் சக்கர நாற்காலிக்குச் சமமா?

பேனா எடுத்தான். கொட்டை எழுத்தில் எழுதினான். 'எனக்கு எல்லாம் தெரியும். கேன்டீன் பெட்டி தலைவனாகும் என்று தெரியும். எதை எப்போது போட்டால் அதைத் தடுக்கலாம் என்றும் தெரியும். ஸ்ரீநாத்துக்குத்தான் தெரியாது.' கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டான்.

ராமபத்ரன் படித்தார். இந்தத் தடவை புன்னகைக்காமல் காகிதத்தை மடித்தார். பிறகு, "பாவம்" என்றார்.

விசாரணை அறிக்கை அசாதாரண வேகத்தில் வந்தது. 'தெரியாதவர் குற்றவாளி ஆகார். தெரிந்தவர் இந்த அலுவலகத்தில் ஒருவரே என்பது அவருடைய வாக்குமூலத்தாலேயே நிரூபணமாகிறது. எனவே தகுதியில் இருவரும் சமம் அல்லர்.' வலையமைப்பு மேற்பார்வையாளராக ஸ்ரீநாத்துக்கு நிரந்தர நியமனம். சங்கர்ராம் தற்காலிகமாகவே தொடரலாம், மேற்பார்வையாளரின் கண்காணிப்பில்.

வீட்டுக்குப் போய் ஸுப்ரியாவிடம் சொன்னான். அன்றைக்குச் சாப்பாடு ஆறவில்லை. அவள் சமைக்கவே இல்லை.

திங்கட்கிழமை சர்வர் அறையின் அரக்கு உடைந்தது. மேற்பார்வையாளர் ஸ்ரீநாத்தின் முதல் உத்தரவு சங்கர்ராமின் மேஜைக்கு வந்தது: சுழற்சி முறையில் பெட்டிகளை இடம் மாற்றவும். அவன் உள்ளே போய் நாலையும் அணைத்தான். இடம் மாற்றினான். பொத்தல்களில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டினான். அப்படியே விட்டுவிடலாம்தான். ஆனால் தாறுமாறாக ஓடுகிற நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவன் கைக்குத் தெரியாது. தன் அமைப்பை பென் டிரைவிலிருந்து தரப் பிரிவின் பெட்டியில் மறுபடி ஏற்றி, அதை மட்டும் முதலில் போட்டான். கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் நின்றான். பிறகு மற்ற மூன்றையும் போட்டான்.

கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் விழித்தன. கூப்பன் போயிற்று, ஃபைல்கள் வந்தன. இரண்டாவது மாடியில் கைத்தட்டல் கேட்டது. "சார்ஜ் எடுத்த முதல் நாளே பாருங்கோ!" என்று காமாக்ஷியின் குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. சேவியர் ஒரு தட்டில் சாயாவும் பழம்பொரியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். சங்கர்ராமைத் தாண்டும்போது நின்று, "ஸ்ரீநாத் சாருக்கு நல்ல கைராசி, கேட்டோ" என்றான்.

மத்தியானம் இரண்டு பேர் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மேற்பார்வையாளருக்குப் புது நாற்காலி வந்துவிட்டதாம். பழையதை அண்ணாவுக்குக் கொடுக்கச் சொன்னாராம். ஆண்டறிக்கை முட்டுக் கொடுத்த நாற்காலியை எடுத்துக்கொண்டு, சக்கர நாற்காலியை வைத்துவிட்டுப் போனார்கள்.

சங்கர்ராம் அதில் உட்கார்ந்தான். முதுகுக்கு இதமாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தரம் கண்ணாடிக் கதவு வரைக்கும் உருண்டு போனான். உள்ளே நாலு பெட்டிகளும் பச்சை விளக்கு எரிய, நாலும் ஒன்று என்று சீட்டு ஒட்டியபடி இருந்தன. கேன்டீன் பெட்டி இந்த வாரம் மேல் தட்டில். அதன் பொத்தானையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த திங்கட்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.